என் பேர்ல போட்டுக்க

நேற்று மத்தியானம் உன் அம்மா வந்திருந்தார். பழனிசெட்டிபட்டி ஸ்டாப்பில் இறங்கி, வெயிலில் நடந்து வந்து, மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் இறங்கிப் போய்க் கையைப் பிடித்து ஏற்றினேன். கொண்டு வந்திருந்த ஜவுளிக்கடைப் பையை என் மடியில் வைத்து, "இத வச்சுக்கிட்டு நாங்க என்னத்தச் செய்ய? ஒனக்குத்தான் ஆகும் ஆத்தா" என்றார். உள்ளே உன் கம்ப்யூட்டர் கீபோர்டு இருந்தது.

அவர் போன பிறகு ஈரத்துணியால் அதைத் துடைத்தேன். மூன்று கட்டைகளில் ஸ்டிக்கர் பொட்டு அப்படியே இருக்கிறது. விரலுக்குத் தட்டுப்படட்டும் என்று நீ ஒட்டியது. பொட்டே வைக்காத வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பம் உங்களுடையது. கடைக்காரம்மா, "ஒங்க வீட்டுல யாருக்கும்மா பொட்டு?" என்று கேட்டதையும், "என் கீபோர்டுக்குத்தான். அதாச்சும் சுமங்கலியா இருந்துட்டுப் போகட்டும்" என்று நீ பதில் சொன்னதையும் என்னிடம் எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருப்பாய். நேற்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பொட்டை நகத்தால் நெம்பப் போய், என்னவோ போலிருந்ததால் விட்டுவிட்டேன்.

வருகிற மாதத்தோடு நீ போய் ஒரு வருஷம். இந்த ஒரு வருஷத்தில் உன்னைப் பற்றிப் பல பேரிடம் உருகி உருகிப் பேசியிருக்கிறேன். உன் படத்துக்கு அடியில் போடும் வாசகத்தைக்கூட நான்தான் எழுதிக் கொடுத்தேன். எழுத வேண்டியதை மட்டும் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன், உனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாத நேரத்தில்.

நம் பழக்கம் எப்படி ஆரம்பித்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பார்வையில்லாதவர்களுக்குக் கணினித் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்று. நாம் அதை ரீடர் என்போம். ஓப்பன் சோர்ஸ்; எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் சம்பளம் வாங்காமல் எழுதிச் சேர்ப்பது. அதில் தமிழ் வாசிக்கிற பகுதியை ஓய்ந்த நேரத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எங்கெங்கே தப்பு விடுகிறது என்று அவர்களுடைய பக் டிராக்கரில், அதாவது குறைகளைப் பதிந்து வைக்கிற தளத்தில், எழுதுகிறவள் நீ. ஆறு மாதம் இருவரும் இங்கிலீஷில் 'டியர் மேடம்' போட்டு எழுதிக்கொண்டோம். ஒருநாள் நீ, தேனிப் பக்கம் மழை, கரண்ட் இல்லை, நாளைக்குச் சோதித்துச் சொல்கிறேன் என்று எழுதினாய். நான் ஜன்னலைப் பார்த்தேன். என் வீட்டுக்கு வெளியேயும் அதே மழை. விசாரித்தால் நீ அல்லிநகரம். ஆட்டோவில் பத்து நிமிஷம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக இங்கே வந்தாய். நான் வாசலில் நின்று வாங்க என்று சொன்னதுதான் தாமதம். "ஏண்டி, இந்த ஊருத் தொண்டையை வச்சுக்கிட்டா மேடம் மேடம்னு எழுதுன? நான் ஏதோ டெல்லிக்காரின்னுல்ல நெனச்சேன்!"

நீ ஓர் அரசு அலுவலகத்தில் ஒப்பந்தத் தொலைபேசி ஆபரேட்டர். எல்லோர் கையிலும் செல்போன் வந்த பிறகு உன் போர்டில் மணி அடிப்பதே அபூர்வம். எந்த மாதம் வீட்டுக்கு அனுப்புவார்களோ என்ற கவலையைப் பெரிதாகக் காட்டிக்கொள்ள மாட்டாய். ஆனால் அந்தக் காது! ரீடர் எந்தச் சொல்லில், எந்த எழுத்துக்குப் பிறகு, எத்தனையாவது தடவை இடறுகிறது என்று நீ எழுதுவதைப் படித்தால் எனக்கு வேலை பாதி முடிந்த மாதிரி. தமிழ் வரிக்கு நடுவே ஓர் இங்கிலீஷ் சொல் வந்தால் அதற்கு அடுத்த சொல்லை ரீடர் முழுங்கிவிடும் என்று கண்டுபிடித்தது நீதான். "ஆபீஸ் சர்க்குலர் பூரா அப்படித்தானடி இருக்கு. இங்கிலீசுல தேதி போட்டு, வரணும்னு எழுதிருக்கா வரக் கூடாதுன்னு எழுதிருக்கான்னே தெரிய மாட்டேங்குது. நான் எல்லாத்துக்கும் போய் நிக்கிறேன்" என்றாய்.

உன்னைப் போலவே ரீடரை நம்பியிருந்தவர்கள் ஒரு நாற்பது பேர், செல்போனில் ஒரு சாட் குழுவாக இருந்தீர்கள். கம்பத்தில் ஒரு பாட்டு வாத்தியார், சின்னமனூரில் கல்லூரி போகிற பெண், போடியில் ஏலக்காய்க் கடையில் போன் எடுப்பவர், இப்படி. டிராக்கரில் எழுத அவர்களால் முடியாது. படிவம் இங்கிலீஷில் இருக்கும், கணக்குத் தொடங்க ஒரு படத்தில் இருக்கிற கோணல் எழுத்தைப் பார்த்து அடிக்கச் சொல்லும். பார்வையில்லாதவர்களுக்கான மென்பொருள், பார்த்தால்தான் புகார் சொல்லலாம். நீ கணக்குத் தொடங்கிய காலத்தில் அந்தப் படம் கிடையாது. அதனால் எல்லோரும் தங்கள் குறையை உன்னிடம் குரலில் அனுப்புவார்கள். நீ சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து ஒவ்வொன்றையும் கேட்டு, இங்கிலீஷில் அடித்துப் பதிவாய். விரல் வலிக்கிறது என்றாய். நான், இதற்கு ஒரு பாட் எழுதிவிடலாமே என்றேன். குழுவில் ஓர் உறுப்பினர் மாதிரி உட்கார்ந்திருந்து, சொன்னதைச் செய்யும் நிரல். என் யோசனைதான் எல்லாம்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதி முடித்தேன். குழுவில் யாராவது 'குறை' என்று தொடங்கி எதையாவது எழுதினாலோ பேசினாலோ, பாட் அதை எடுத்து, மொழிபெயர்த்து, டிராக்கரின் ஏபிஐ வழியாக உள்ளே தள்ளும். ஏபிஐ என்பது மனிதர் நுழையும் வாசல் அல்லாமல் நிரல்கள் நுழைவதற்கென்று வைத்திருக்கிற வாசல். படமும் கிடையாது, கோணல் எழுத்தும் கிடையாது. அங்கிருந்து ஒரு நம்பர் வரும். அந்த நம்பரைப் பாட் குழுவில் சொல்லும். முதல் நாள் கம்பத்து வாத்தியாருக்கு ஒரு நம்பர் வந்தபோது அவர் அனுப்பிய குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. "நானும் எத்தனையோ ஆபீசுல எழுதிக் குடுத்திருக்கேன். ஒருத்தரும் எனக்குன்னு ஒரு நம்பர் குடுத்ததில்லம்மா. நல்லா இருப்பீக."

அந்த வாசலுக்கு ஒரு சாவி வேண்டும். ஏதாவது ஒரு கணக்கிலிருந்து எடுத்த ரகசிய எழுத்து வரிசை. பாட் நிரலுக்கென்று புதுக் கணக்கு தொடங்கலாம். ஆனால் புதுக் கணக்கில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று குறைகளுக்கு மேல் பதிய முடியாது, ஒப்புதல் கிடைக்க மாதக்கணக்காகும். பழைய கணக்கென்றால் தடை இல்லை. என்னுடையதும் பழையதுதான். அது ஆபீஸ் மெயிலில் இருக்கிறது, அதைத் தொடக் கூடாது என்று நீ கேட்பதற்கு முன்னாலேயே நான் சொன்னேன். நான் மதுரைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறவள். அந்த மெயிலை மாற்ற ஐந்து நிமிஷம் போதும். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இதுக்குப் போயி என்னடி? என் பேர்ல போட்டுக்க."

நம் பக்கத்தில் இது ஒரு பேச்சே இல்லை. தம்பியின் சிம் கார்டு அக்கா பேரில் இருக்கும். திராட்சைத் தோட்டத்து மோட்டாருக்குக் கரண்ட் இணைப்பு, செத்துப்போன பெரியப்பா பேரில் இருக்கும். குமுளிக்கு வேலைக்குப் போகிறவர்கள் அங்கே கேஸ் சிலிண்டரை வீட்டுக்காரச் சேச்சி பேரில் வாங்குவார்கள். நான் குடியிருக்கிற இந்த மாடியின் தண்ணீர் வரி இன்றைக்கும் யாரோ ஒருவர் பேரில்தான் வருகிறது, அவர் யாரென்று வீட்டுக்காரருக்கே தெரியாது. பேரைக் கொடுப்பது குடத்தைக் கொடுக்கிற மாதிரி. திரும்பி வந்துவிடும் என்று நம்பித்தான் கொடுக்கிறோம். டிராக்கரைக் கட்டியவர்களின் ஊரில் அது ஆள்மாறாட்டம். எனக்கு அது தெரியும். விதிமுறையை நான் படித்திருந்தேன்.

ஒரு வருஷம் எல்லாம் நன்றாகத்தான் போனது. நாற்பது பேரின் குறைகள் உன் பேரில் ஏறின. டிராக்கரில் உன் பக்கத்தைத் திறந்தால் கிணறு மாதிரி கீழே கீழே போகும். அதற்கு முன் நீயாக எழுதிய ஐந்து வருஷத்துக் குறைகளும் அதில் உண்டு. அந்த மார்கழியில் சென்னைக் கம்பெனி ஒன்று, மென்பொருள்களைப் பார்வையில்லாதவர்களால் பயன்படுத்த முடிகிறதா என்று சோதிக்க ஆள் எடுத்தது. வீட்டிலிருந்தே செய்யலாம். பட்டம் கேட்கவில்லை, இதுவரை கண்டுபிடித்த குறைகளைக் காட்டுங்கள் என்றார்கள். உன் பக்கத்தின் இணைப்பை அனுப்பிவிட்டு வந்து, "என்கிட்ட இருக்க ஒரே சர்ட்டிபிகேட்டு இதான்டி" என்றாய்.

அதே மார்கழியில்தான் பாட் நிரலுக்கு நான் புதுத் திறமை ஒன்று சேர்த்தேன். டிராக்கரில் யாராவது பதில் எழுதினால் அதைத் தமிழில் குழுவுக்குச் சொல்லும். அந்தச் செய்திக்குக் குழுவில் ஒருவர் மறுமொழி கொடுத்தால் அதை டிராக்கரில் கொண்டுபோய் எழுதும். சோதித்துப் பார்த்தேன், பிரமாதமாக வேலை செய்தது. நம் ஆட்களை மட்டும் நான் யோசிக்கவில்லை. அவர்கள் ஒருத்தர் ஒன்று சொன்னால் பதில் சொல்லாமல் இருக்கத் தெரியாதவர்கள். பாட் 'உங்கள் குறை பார்க்கப்படுகிறது' என்று சொன்னால், "ரொம்ப சந்தோசம்யா" என்பார்கள். 'சரிசெய்யப்பட்டது' என்றால், "நல்லா இரு ராசா, சாப்ட்டியா?" என்பார்கள். பாட் என்று தெரியும், இருந்தாலும் கேட்பார்கள். அத்தனையும் உன் பேரில் டிராக்கருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒன்றிரண்டாகப் போனதால் யாரும் கவனிக்கவில்லை.

பொங்கலன்று காலையில் டிராக்கரில் யாரோ பழைய குறைகளை மொத்தமாக எடுத்து வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். நாற்பது ஐம்பது செய்திகள் ஒரே நேரத்தில் குழுவில் வந்து விழுந்தன. பண்டிகை நாள். பேசாமல் இருப்பார்களா? ஒவ்வொரு செய்திக்கும் ஒவ்வொருவரும் பொங்கல் வாழ்த்துச் சொன்னார்கள். பால் பொங்கியதா என்று கேட்டார்கள். கரும்பு இந்த வருஷம் நன்றாக இல்லை என்றார்கள். பாட் ஒன்றைக்கூட விடாமல் மொழிபெயர்த்து உன் பேரில் எழுதியது. ஒவ்வொன்றும் அந்தத் தளத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் மெயிலாகப் போனது. உன் பால் வழிந்துவிட்டதா என்று முன்பின் தெரியாத ஒரு பெண் காலையிலிருந்து மத்தியானம் வரை கேட்டுக்கொண்டே இருந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்?

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்துத் திடுக்கிட்டு, நிரலைத் திருத்தினேன். இரண்டே வரி. மறுமொழி குறையைப் பற்றியதா என்று ஒரு தடவை அந்த ஆளிடமே கேட்டுக்கொள்ளச் சொல்லும் இரண்டு வரி. முதல் நாளே எழுதியிருக்க வேண்டியது.

மறுநாள் உனக்குக் கடிதம் வந்தது. இந்தக் கணக்கை நடத்துவது நீங்கள்தானா, இவை தானியங்கிச் செய்திகளா, ஏழு நாளைக்குள் விளக்கம் தரவும். அதை எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆட்டோ பிடித்து வந்தாய். உட்காரக்கூட இல்லை.

"வேலைக்கு அனுப்பிருக்க நேரத்துல இது என்னடி வம்பு? என்னன்னு பதில் போடட்டும்?"

"நீ ஒண்ணும் போட வேணாம். எதையாச்சும் எழுதிக் குழப்பிறாத. நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

"சரிடி. நீ சொன்னா சரி."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்குச் சொல்லவில்லை. அந்த வாரம்தான் என்னை அவர்களுடைய பராமரிப்புக் குழுவில் சேர்ப்பதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நிரலில் நேரடியாகக் கை வைக்கும் உரிமை உள்ள ஏழெட்டுப் பேர். கம்பெனியில் நான் எழுதுவது எல்லாம் டீம் லீடர் பேரில் போகும். வீட்டில் நான் மருமகள், பாப்பாவின் அம்மா. பேர் என்று சொல்லி எனக்கு எங்காவது ஓர் இடம் வரப்போகிறதென்றால் அது அங்கேதான். பாட் நிரலை எழுதியது நான், சாவியைக் கேட்டு வாங்கியது நான், ஓட்டை வைத்தது நான் என்று அந்த வாரம் போய்ச் சொன்னால்? இரண்டு நாள் பொறுத்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு நாலு நாள். உன் ஏழு நாள் அப்படித்தான் போனது. எட்டாம் நாள் உன் கணக்கை முடக்கினார்கள், உன் பேரில் இருந்த குறைகள் எல்லாவற்றையும் மறைத்தார்கள். மறுநாள் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு நான் பாயசம் வைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் வைத்தேன்.

சென்னைக் கம்பெனி அடுத்த வாரம் உன் பக்கத்தைத் திறந்திருக்கிறது. விதிமீறலுக்காக முடக்கப்பட்ட கணக்கு என்று வந்திருக்கும். உனக்கு ஒற்றை வரியில், இந்த முறை இயலவில்லை என்று எழுதினார்கள். சித்திரையில் உன் ஆபீசில் போர்டைக் கழற்றினார்கள். நீ லாரி புக்கிங் ஆபீஸ் ஒன்றில் போன் எடுக்கப் போனாய். அங்கே உட்காரும் இடத்தில் டீசல் புகையாக இருக்கிறது, துணியெல்லாம் அந்த வாடை என்பாய். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டாய்.

அதற்கு முன்னால், மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டாய். செருப்பை மாட்டிக்கொண்டு, வாசல் நிலையைக் கையால் தடவிக்கொண்டு, போகிற போக்கில் கேட்கிற மாதிரி.

"அவுகளுக்கு எழுதுனியாடி?"

"இல்ல. கொஞ்சம் வேலை. அடுத்த வாரம் எழுதிருறேன்."

"சரி."

அடுத்த வாரம் எழுதவில்லை. அதற்கு அடுத்த வாரமும். அந்த ஏழு நாளில், முதலில் சேர்த்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன். சேர்ந்த பிறகு, இத்தனை நாள் ஏன் மறைத்தாய் என்பார்களே என்று இருந்தேன். தள்ளிப்போடத் தள்ளிப்போட அது கனம் கூடியது. நீ மறுபடி கேட்கவில்லை. மறந்துவிட்டாய் என்று நான் நினைத்துக்கொண்டேன். யாராவது மறப்பார்களா? அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆனி மாதம் ரீடரின் புதுப் பதிப்பு வந்தது. இங்கிலீஷ் சொல்லுக்கு அடுத்த சொல்லை முழுங்குகிற அந்தக் குறையை நான் சரிசெய்திருந்தேன். உன் குறிப்புகளை வைத்துத்தான் செய்தேன். மறைக்கப்பட்ட குறைகளைப் பராமரிப்புக் குழுவில் இருப்பவர்கள் மட்டும் பார்க்கலாம். வேறொரு நாட்டுக்காரர் அதே குறையைப் புதிதாகப் பதிந்திருந்தார். அதனால் கண்டுபிடித்தவர் என்று அவர் பேரும் சரிசெய்தவர் என்று என் பேரும் வந்தன. உன் அறையில் நிறுவிக் கொடுக்க நான்தான் வந்தேன். நிறுவி முடித்ததும் அறிவிப்பை வாசிக்க விட்டாய். தமிழ் அறிவிப்பு, பேர்கள் மட்டும் இங்கிலீஷ் எழுத்தில். ரீடர் அந்த நாட்டுக்காரர் பேரை வாசித்தது, என் பேரை வாசித்தது, நன்றி என்று முடித்தது. நான் உன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒம் பேரு நல்லாத் தெளிவாக் கேக்குதுடி" என்றாய். "நன்றியக்கூட முழுங்கல."

பிறகு இன்னொரு தடவை முதலிலிருந்து வாசிக்க விட்டாய். உன் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். வேலை ஒழுங்காக நடந்திருக்கிறதா என்று கேட்கிற முகம்தான் இருந்தது. நான் பாப்பாவுக்கு ஸ்கூல் விடும் நேரம் என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அதற்கு அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் நீ இல்லை. மலையடிவாரத்தில் உன் சொந்த ஊர்க் கோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். சேறு. சாட் குழுவிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "ஒன்னயப் பத்தி ஒரு சொல்லுக் கொறையாச் சொன்னதில்ல ஆத்தா எம் மக" என்று அழுதார். நானும் அழுதேன். அந்த அழுகையில் எவ்வளவு உனக்காக, எவ்வளவு இனிமேல் யாரும் கேட்க மாட்டார்கள் என்பதற்காக என்று எனக்குத் தெரியாது. இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றி நான் எழுத முடியாது, ஆனால் அது உண்மை.

போன மாதம் பராமரிப்புக் குழுவில் என்னிடம் ஒரு வேலை கொடுத்தார்கள். இப்போது பல சமூகங்கள் சாட் குழுவையும் டிராக்கரையும் பாட் வைத்து இணைக்கின்றன, எப்படிச் செய்ய வேண்டும், எப்படிச் செய்யக் கூடாது என்று ஒரு வழிகாட்டிப் பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். உட்கார்ந்து எழுதினேன். பாட் நிரலுக்குத் தனிக் கணக்கு வேண்டும். எந்த மனிதரின் சாவியையும் வாங்கக் கூடாது. சாட்டில் பேசுவதைக் கேட்காமல் டிராக்கருக்குக் கொண்டுபோகக் கூடாது. கடைசியில் ஒரு பத்தி, நடந்ததை நடந்தபடி எழுதினேன். உன் பேர், என் பேர், பொங்கல், ஏழு நாள், எல்லாம். முடக்கத்தை நீக்க வேண்டும், மறைத்த குறைகளைத் திறக்க வேண்டும் என்று தனியாகவும் எழுதினேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது. மரியாதையான பதில். அந்தக் கணக்கு நெடுநாள் முடங்கிக் கிடந்ததால் விதிப்படி நீக்கியாகிவிட்டது, அந்தக் குறைகள் இப்போதைய பதிப்பிலும் இருந்தால் புதிதாகப் பதியலாம். வழிகாட்டி மிக நன்றாக வந்திருக்கிறது, கடைசிப் பத்தி மட்டும் தனிப்பட்ட விஷயம் என்பதால் எடுத்துவிட்டோம். நீ எழுதியதற்கெல்லாம் மேலே இப்போது 'நீக்கப்பட்ட பயனர்' என்று இருக்கிறது. வழிகாட்டிப் பக்கத்தின் அடியில், எழுதியவர் என்று என் பேர் இருக்கிறது. போதாக்குறைக்கு மூன்று பேர் பாராட்டியிருக்கிறார்கள். உன்னைக் கொண்டு நான் சம்பாதித்தது இன்னும் தீர்ந்தபாடில்லை.

நேற்று உன் அம்மா போன பிறகு, அந்த நாற்பது பேரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. கீபோர்டை ஓரமாக வைத்துவிட்டுச் சாட் குழுவில் பேசி அனுப்பினேன். தமிழில், நாலு நிமிஷம். பாட் என்னுடையது, தப்பு என்னுடையது, அவள் என் பேச்சைக் கேட்டுத்தான் பதில் போடாமல் இருந்தாள், என் பதவிக்காக நான் அவளைக் காட்டிக்கொடுத்தேன். அனுப்பிவிட்டு, யார் என்ன திட்டுவார்களோ என்று காத்திருந்தேன். பிறகு கம்பத்து வாத்தியார் பேசினார்.

"அம்மா, இது எங்க எல்லாத்துக்கும் அன்னைக்கே தெரியும்மா. பொங்கல் கழிச்சு நாங்கதான் கேட்டோம். நாங்க நாப்பது பேரும் சேந்து அந்த வெளிநாட்டாளுகளுக்கு ஒரு விளக்கம் குடுத்துருவோமான்னு. ஒங்க கூட்டாளிதான் வேணாம்னுட்டாக. 'அந்த பாட் எழுதுனது அவதான்னு யாரும் அங்கன போயிச் சொல்லிறாதீக. அவளக் குழுவுல சேக்கப் போறாக, நான் கேட்டேன். அவளுக்கு வேற எங்கனயும் பேரு இல்ல'ன்னு சொன்னாக. அதான் ஒருத்தரும் வாயத் தொறக்கல. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கிறாதீக."

நான் கேட்டேன் என்று சொல்லியிருக்கிறாய். என்னைச் சேர்ப்பதா என்ற பேச்சு திறந்த மெயில் பட்டியலில்தான் நடந்தது, யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். உன் ரீடர் உனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறது. எனக்கு இது ஏன் தோன்றவில்லை? உனக்குத் தெரியாது என்று நான் பொத்தி வைத்ததை, என் ஒருத்தியைத் தவிர எல்லோரும் தெரிந்து வைத்திருந்தீர்கள்.

மனசுல வச்சுக்கிறாதீக என்கிறார். வேறு எங்கே வைப்பது? உன்மேல் எனக்கு ஆத்திரமாக வருகிறது. அந்த ஏழு நாளைக்குள் என்னைப் பிடித்து இழுத்து, எழுதுடி நாயே என்று சொல்லியிருக்க உனக்கு என்ன கேடு? உன் வேலை போனது, ஆறு வருஷ உழைப்பு போனது. யாரைக் கேட்டு எனக்கு விட்டுக்கொடுத்தாய்? நான் கேட்டேனா? இப்படியெல்லாம் உன்னைத் திட்டிப் பார்க்கிறேன். கொஞ்ச நேரம் ஆறுதலாக இருக்கிறது, அப்புறம் அதுவும் இல்லை.

ராத்திரி முழுக்க ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் தெரிந்துகொண்டுதான் அந்த மாசி மாதம் வாசலில் நின்று கேட்டிருக்கிறாய். அதற்குள் என் பதவி எனக்கு வந்துவிட்டது. இனி எழுதினால் எனக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. இப்போதாவது எழுதுகிறாளா என்று பார்க்கத்தான் ஒரு தடவை கேட்டாய். நான் அடுத்த வாரம் என்றேன். நான் எப்படிப்பட்டவள் என்று வாசல் நிலையைப் பிடித்தபடியே தெரிந்துகொண்டாய். தெரிந்துகொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தாய். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையும். காய்ச்சலில் படுக்கிற வரைக்கும், ஒன்றரை வருஷத்துக்கு மேல், ஒரு வாரம் தவறாமல் பூசை முடிந்து வந்து, என் கையால் டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போனாய்.